சிவப்பு வர தை ஆகும்

அத்தியாயம் 9

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் அலாவுதீன் இரண்டு காரியங்களை விடாமல் செய்துகொண்டிருந்தார். மனைவி நூர்ஜானிடம், "உனக்கு வெறும் அல்சர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கணையத்தில் கட்டி என்பதும், அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்பதும் அவருக்கும் மகள் ஷைமாவுக்கும் மட்டுமே தெரியும். "அம்மாகிட்டச் சொல்லீரலாங்கத்தா" என்று ஷைமா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "சொன்னா அன்னிக்கே படுத்துருவா கண்ணு" என்று அவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார்.

அந்தப் புதன்கிழமை காலை, காதர்பேட்டையில் பனியன் கடையைத் திறக்கப் போகவேண்டிய நேரத்தில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நூரு, கெளம்பு. கார் பாக்கப் போலாம்."

நூர்ஜான் அடுப்பை அணைக்காமலே திரும்பினாள். "யாருக்குங்க?"

"உனக்குத்தான். சிக்னல்ல நிக்கறப்பவெல்லாம் ஒரு வண்டியப் பாத்துட்டே இருப்பியே, தாழ்வா, நீட்டமா... அது."

ஷைமா தோசைத் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அலாவுதீனுக்கு முட்டி ஆபரேஷன் ஆன வருடம் நூர்ஜான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏதோ அவசரத்துக்கு ஆகும் என்று கற்றவள், ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு விடவே இல்லை. கடைக்கு, கல்யாணத்துக்கு, ஊர் ஊராகச் சொந்தக்காரர் வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவள்தான். பல்லடம் ரோட்டில் கம்பெனி பஸ்களை அவள் முந்தும்போது பக்கத்து சீட்டில் அலாவுதீன் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் இருந்த பழைய சின்னக் காரை வைத்துக்கொண்டே அத்தனையும்.

"அல்சருக்கு காருதான் மருந்துன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?" என்று சிரித்தாள் நூர்ஜான். சிரிக்கும்போது கையை விலாவில் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் மணிக்கட்டை இறுக்கிய வளையல்கள் இப்போது முழங்கை வரை ஏறி இறங்கின.

*

அவிநாசி ரோட்டில் இருந்த அந்த ஷோரூமில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. சிவராஜ் என்ற விற்பனைக்காரர் ஓடிவந்து நாற்காலி போட்டார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் டை, பேச்சில் கொங்கு.

"வாங்கம்மா, வாங்கய்யா. உக்காருங்க. எந்த வண்டிங்க பாக்கறீங்க?"

அலாவுதீன் ஓரத்தில் நின்ற உயரமான வண்டியைக் காட்டினார். "இது ஏறி எறங்கச் சுளுவா இருக்குமில்ல நூரு?"

"அது குடும்பத்த ஏத்திட்டுப் போறதுக்குங்க" என்றாள் நூர்ஜான். அவள் கண் நடுவில் நின்ற செடான் காரின்மேல் இருந்தது. "இதுதான் ஓட்டறதுக்கு."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் குனிந்து பாய்வதற்குத் தயாரானது போல் இருந்தது. பின்பக்கம் சரிந்து இறங்கிய கூரையை விரலால் தடவினாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. அவள் உட்கார்ந்த விதத்தையே ஷைமா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதமாக வீட்டில் எந்த நாற்காலியிலும் அம்மா இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை.

"கியர் வண்டிங்களா, ஆட்டோமேட்டிக்குங்களாம்மா?" என்றார் சிவராஜ்.

"கியருதான் தம்பி. காலுக்கும் கைக்கும் வேலை இல்லீன்னா அதென்ன ஓட்டறது?"

"சன்ரூஃப் வெச்சது போட்டுக்கலாங்களா?"

"போடுங்க" என்றார் அலாவுதீன்.

"சீட்டுக்குள்ள காத்து வர்ற மாதிரி இருக்குதுங்க. நம்மூரு வெயிலுக்கு..."

"அதும் போடுங்க."

"அலாய் வீலு பெரிசு வேணும்னா டாப் மாடலுக்குப் போகோணுங்க."

"டாப் மாடலே எழுதுங்க."

நூர்ஜான் கண்ணாடி வழியே கணவனைப் பார்த்தாள். இந்த மனிதர் ஹாலுக்கு ஒரு ஃபேன் வாங்க டவுனில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்தவர். தக்காளிக்காரரிடம் நின்று நிதானமாகப் பேரம் பேசுகிறவர். இன்று நீட்டிய எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவராஜ் வண்ண மாதிரிகளைக் கொண்டுவந்து விரித்தார். வெள்ளை, சாம்பல், கறுப்பு, நீலம், சிவப்பு. நூர்ஜான் சிவப்பு மேல் விரலை வைத்தாள். பளீரென்ற சிவப்பு அல்ல. மாதுளை முத்தைப் போல உள்ளே கொஞ்சம் இருட்டு வைத்த சிவப்பு.

"இதுதான்."

"நல்ல செலெக்‌ஷனுங்கம்மா. ஆனா இந்தக் கலருக்கு வெயிட்டிங் ஜாஸ்திங்க. இப்ப புக் பண்ணினாத் தை மாசம் ஆயிருங்க. வெள்ளைன்னா ஒண்ணு ஸ்டாக்குல ரெடியா நிக்குது. சன்ரூஃப் மட்டும் இருக்காது. பதிவு முடிச்சு வெள்ளிக்கிழமையே சாவி குடுத்தர்றேன்."

"வெள்ளையே எடுத்துக்கலாம்" என்றார் அலாவுதீன். வார்த்தை அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஏனுங்க? தை வந்தா வருது. நிக்கலாமே?"

"எதுக்கு நின்னுட்டு? வெள்ளை நல்லாத்தானே இருக்குது. வெயிலுக்கும் நல்லது."

"நாளெல்லாம் வெள்ளை பனியனப் பாத்துட்டு இருக்கறீங்க, காரும் வெள்ளையா?" நூர்ஜான் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு."

"வெள்ளையே எடுத்துக்கலாங்கம்மா" என்றாள் ஷைமா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நூர்ஜான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "தம்பி, ஓட்டிப் பாக்கறதுக்கு வண்டி இருக்குதுங்களா?" என்றாள்.

*

அலாவுதீன் வரவில்லை. முட்டி வலிக்கிறது என்று ஷோரூமிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷைமா முன் சீட்டில் ஏறினாள். சிவராஜ் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அனுப்பர்பாளையம் தாண்டும்வரை நெரிசல். தையல் கம்பெனி வேன்கள், துணி மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டிகள், குறுக்கே புகும் ஸ்கூட்டர்கள். நூர்ஜான் பொறுமையாக இரண்டாவது கியரில் ஓட்டினாள். பூண்டியைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் காலை அழுத்தினாள்.

வண்டி முன்னால் தாவியது. ஷைமாவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மூன்று, நான்கு, ஐந்து என்று அம்மாவின் இடது கை கியரைத் தட்டிக்கொண்டு போனது. ஒரு லாரி பின்னால் போனது. ஒரு பஸ் பின்னால் போனது. நூர்ஜானின் உதடு லேசாகத் திறந்திருந்தது. முக்காடு நழுவித் தோளில் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அம்மா... கொஞ்சம் மெதுவாங்கம்மா..." என்றார் பின்னாலிருந்து சிவராஜ்.

நூர்ஜான் வாய்விட்டுச் சிரித்தாள். ஷைமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தினாள் நூர்ஜான். "தம்பி, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றீங்களா? அப்படியே ஒரு டீயும் குடிச்சுட்டு வாங்க. பயந்து போயிட்டீங்க பாருங்க."

சிவராஜ் இறங்கிப் போனார். கதவு மூடியதும் வண்டிக்குள் வெளியிலிருந்து சத்தம் அவ்வளவாக வரவில்லை. நூர்ஜான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷைமா, எனக்கு என்ன வியாதி?"

"அல்சருங்கம்மா."

"ரோட்டப் பாத்துச் சொல்றே. என்னயப் பாத்துச் சொல்லு."

ஷைமா திரும்பவில்லை.

"உங்கத்தா நீட்டுனதுக்கெல்லாம் சரி சரிங்கறாரு. அதே மனுசனுக்குச் செவப்பு வர்றதுக்குத் தை ஆகும்னதும் மூஞ்சியில ரத்தமே இல்லை. நீயும் தரையப் பாக்கறே. எனக்கு இதுகூடப் புரியாதா கண்ணு?"

"அம்மா..."

"எப்ப வரைக்கும்னு சொன்னாங்க?"

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஷைமா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் வார்த்தை வந்தது.

"தீபாவளி... அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்கம்மா."

ஆவணி மாதம் பாதி போயிருந்தது. காதர்பேட்டைக் கடைக்காரர்களுக்கு வருடமே தீபாவளியை வைத்துத்தான். இப்போதே கடையில் மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. நூர்ஜானுக்கு மிச்சமிருந்த தூரம் புரிந்தது.

அவள் ஏசியை அணைத்தாள். மறுபடியும் போட்டாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் தன் முகம் தெரிந்ததும் பழையபடி திருப்பிவிட்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து என்னய ஏமாத்திட்டீங்க" என்றாள். குரல் நடுங்கியது துக்கத்தில் அல்ல, கோபத்தில். "மாத்திரய முழுங்கறப்பவெல்லாம் புண்ணு ஆறிருச்சான்னு உங்கிட்டத்தானே கேட்டேன். ஆறிட்டு வருதுன்னியே. எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு உனக்கு?"

"அத்தா சொல்ல வேண்டாம்னுட்டாங்கம்மா. சத்தியம் வாங்கிட்டாங்க."

"என் ஒடம்புக்கு அவரு யாருடி சத்தியம் வாங்கறதுக்கு?"

ஷைமா குலுங்கி அழுதாள். கொஞ்ச நேரம் நூர்ஜான் அவளைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றவும் இல்லை. பேக்கரி வாசலில் சிவராஜ் டீ கிளாஸை ஆற்றிக்கொண்டு நின்றது தெரிந்தது. எத்தனை சாதாரணமாக ஆற்றுகிறார் என்று நினைத்தாள்.

பிறகு, மிகவும் சின்னக் குரலில் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமா?"

இந்த ஒரு கேள்வியை ஷைமா எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "மருந்து இருக்குதுன்னு சொன்னாங்கம்மா. வலி தெரியாம பாத்துக்கலாம்னு சொன்னாங்க."

"ம்."

"நான் கூடவே இருக்கறேங்கம்மா."

"அஃப்சலுக்குத் தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியாதுங்கம்மா. அத்தா அவங்ககிட்டப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

நூர்ஜான் கண்ணை மூடித் திறந்தாள். மூத்த மகன் அஃப்சல், கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாமளாபுரத்தில் தறிக்கூடம் வாடகைக்குப் பிடித்துப் போனவன். போன நோன்புப் பெருநாளன்று அப்பனும் மகனும் வாய் முற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். "இனி உன் வாசல்ல கால் வெச்சா நான் அலாவுதீன் இல்லை" என்று இவர் சொல்ல, அவன் பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றோடு சரி.

சிவராஜ் தண்ணீர் பாட்டிலோடு வந்து கதவைத் திறந்தார். "போலாங்களாம்மா?"

"போலாந் தம்பி" என்றாள் நூர்ஜான். முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

*

இதற்குள் ஷோரூமில் அலாவுதீனுக்கு யாரோ காப்பி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது ஆறிப்போயிருந்தது.

எதிரில் வண்ண மாதிரிகள் அப்படியே கிடந்தன. சிவப்பின் மேல் நூர்ஜானின் விரல் பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் காட்டி "இதுதான்" என்று சொன்னது அவருக்கு நினைவில்லை. சேலைகூட அவர் எடுத்துவந்ததைத்தான் கட்டினாள். இன்று ஒன்றைச் சொன்னாள். அதையும் வேண்டாம் என்று சொன்ன வாய் இது.

வெள்ளையே போதும் என்று தான் சொன்னபோது உண்மையில் என்ன சொன்னோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நீ தை மாசத்தைப் பார்க்க மாட்டாய் என்று கட்டியவளின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னார் என்றால் அவர் டாக்டர். தானே நாள் குறிப்பதா?

அல்லாஹ் நினைத்தால் தை என்ன, அதற்கு அடுத்த தையும் வரும்.

கையை ஊன்றி எழுந்து மேனேஜர் மேஜைக்குப் போனார். "செவப்பே எழுதிருங்க தம்பி. சன்ரூஃப் வெச்சது, டாப் மாடல். அவ கேட்டது எதுவும் கொறையக் கூடாது."

"தை ஆகுங்களே அய்யா?"

"ஆகட்டும்."

வண்டி திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார்.

"நூரு, நீ சொன்ன செவப்பே சொல்லிட்டேன்."

காரிலிருந்து இறங்கிய நூர்ஜான் கதவைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். காலையில் அவசரமாகப் போட்ட சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தது. கண் ஓரம் சிவந்திருந்தது. இந்த மனிதர் இந்த நாட்களில் எங்கே போய் அழுதிருப்பார்? கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவிலா? அவர்மேல் இருந்த கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"தை வரைக்கும் நிக்கோணுமேங்க" என்றாள்.

"நின்னாப் போகுது. இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு அவசரமுங்க."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். சிவராஜுக்குக் கேட்டிருக்காது.

அலாவுதீனின் சிரிப்பு அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். ஷைமா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கை காற்றில் எதையோ தேடியது. நூர்ஜான் ஓரடி முன்னால் வந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அவளத் திட்டாதீங்க. நானாத்தான் கேட்டேன்."

"நூரு... நான்..."

"இங்க வேண்டாங்க. நாலு பேர் பாக்கறாங்க."

பிறகு அவள் சிவராஜ் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தச் செவப்ப அழிச்சிருங்க. ரெடியா நிக்குதுன்னீங்களே வெள்ளை, அது கியர் வண்டிதானுங்களே?"

"கியருதாங்கம்மா. ஆனா சன்ரூஃப் இல்லீங்க. வீலும் சின்னது. நீங்க கேட்டதெல்லாம் அதுல..."

"ஓடுமில்ல?"

"அதெல்லாம் பறக்குங்கம்மா."

"அது போதும். வெள்ளிக்கிழமை நான் வந்து எடுத்துக்கறேன்."

அலாவுதீன் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு முழங்கால்களையும் கையால் பிடித்துக்கொண்டு, ஷோரூம் என்றும் பாராமல், சத்தமில்லாமல் அழுதார். மாடல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளம் ஜோடி மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துபோனது. சிவராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

*

திரும்பும்போது பழைய காரை நூர்ஜான்தான் ஓட்டினாள். அலாவுதீன் பின் சீட்டில் சாய்ந்து கிடந்தார். மேம்பாலம் இறங்கியதும் வீடு இருக்கும் பெரியதோட்டத்துக்குப் போகும் பக்கம் வண்டி திரும்பவில்லை.

மங்கலம் ரோடு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"எங்க போறே நூரு?"

"சாமளாபுரம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்து. நான் எறங்கிக்கறேன். பஸ்ல போய்க்கறேன்."

நூர்ஜான் சிக்னல் போட்டு ஒரு சாயப்பட்டறைச் சுவரோரம் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"எறங்கறதுன்னா எறங்குங்க. நான் எம் பையனப் பாக்கோணும். இன்னிக்கே பாக்கோணும்."

அவர் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தரையில் வைத்தார். அனல் அடித்தது. மங்கலத்திலிருந்து வந்த ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வெகு நேரம் கழித்துப் பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அத்தா உள்ளேதான் இருந்தார்.

வண்டி கிளம்பியது.

சாமளாபுரத்தில் தறிச்சத்தம் தெருமுனையிலேயே வரவேற்றது. கூடத்து வாசலில் கார் நின்றதும், உள்ளேயிருந்து ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். தலையெல்லாம் பஞ்சு. அம்மாவைப் பார்த்ததும் அஃப்சலின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி பின் சீட்டில் இருப்பவரைப் பார்த்துவிட்டான். மலர்ந்த முகம் இறுகியது.

நூர்ஜான் இறங்கி நடந்தாள். கிட்டத்தில் வரவர அஃப்சலின் பார்வை அவள் முகத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து கைக்கும் இறங்கியது.

"ஏனுங்கம்மா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

மங்கலத்திலிருந்து வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். அத்தனையும் மறந்துபோயிற்று. மகனின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பின்னால் கார்க் கதவு திறந்தது. நொண்டி நொண்டி ஒரு காலடி வந்து, தறிக்கூடத்து வாசற்படிக்கு முன்னால் நின்றது.